தொட்டுச் செய்த முதல் போர்டு

"அண்ணா, நான் இசிஇ மூணாவது வருஷம். இதுவரைக்கும் ஒரு சர்க்யூட் போர்டுகூட என் கையால செஞ்சதில்ல."

எங்கள் பகுதியின் மாலைப் படிப்பு வட்டத்தில் ஒரு தங்கை இப்படிச் சொன்னபோது, முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "வேலைக்குப் போனா கத்துக்கலாம் விடு" என்றார் ஒருவர். அவர் விடவில்லை. லேபில் ஆறு பேருக்கு ஒரு கிட். முன்னால் நிற்பவர்கள் ஒயரைச் செருகுவார்கள். இவர் பின்னால் நின்று ரீடிங் எழுதுவார், ரெக்கார்டு நோட்டில் படம் வரைவார். தேர்வில் அவர்களைவிட இவருக்குத்தான் மதிப்பெண் அதிகம். ஆனால் ஒருமுறை கையை நீட்டியபோது, "தொடாத, எரிஞ்சு போனா யார் காசு கட்டறது?" என்று அதட்டல் வந்தது.

"அவங்க சாதிய மனசுல வச்சு சொன்னாங்களா, கிட்டோட விலைய மனசுல வச்சு சொன்னாங்களான்னு எனக்குத் தெரியாதுண்ணா. ஆனா 'தொடாத'ங்கற வார்த்தை எங்க வீட்டுக்குப் புதுசு இல்ல" என்றார்.

தோழர்களே, அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். படிப்பு நமக்கு மறுக்கப்பட்ட வரலாற்றை நாம் நிறையப் பேசியிருக்கிறோம், இன்னும் பேச வேண்டும். ஆனால் பொருளைத் தொட்டு, உடைத்து, திருத்தி, செய்து கற்கும் அறிவு மறுக்கப்படுவதைப் பற்றி நாம் பேசுவது குறைவு. அசுத்தமான பொருள் என்றால் அதில் நம் கைதான் பட வேண்டும். விலையுள்ள பொருள் என்றால் நம் கை படவே கூடாது. சாதி நம் கைகளுக்கு விதித்த சட்டம் இது. கல்லூரி வாசல் திறந்துவிட்டதால் மட்டும் இந்தச் சட்டம் செத்துவிடவில்லை. பட்டம் கைக்கு வருகிறது, சால்டரிங் அயர்ன் வருவதில்லை. கடைசி வருட புராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கி, அட்டையில் பெயர் ஒட்டி, அப்படியே வெளியே வருகிறோம். நேர்காணலில் "இதை ஏன் இங்கே போட்டாய்?" என்ற ஒரு கேள்விக்கு வாயடைத்து நிற்கிறோம். பிறகு "கோட்டாவில் வந்தவர்கள் இப்படித்தான்" என்கிறார்கள்.

அதனால் ஒரு போர்டு செய்வது என்று முடிவெடுத்தோம். வரைபடம் முதல் சால்டரிங் வரை எல்லாமே எங்கள் கையால்.

என்ன செய்வது? இணையத்தில் தேடினால் ஆரம்பக்காரர்களுக்கு விளக்கு மின்னும் சர்க்யூட்தான் கிடைக்கும். அதில் தவறில்லை. ஆனால் அந்தத் தங்கை வேறொன்று கேட்டார். அவர்கள் தெருக்குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இரவு ஒரு மணிக்கு வரும், சில நாள் மூன்றரைக்கு வரும். அவருடைய அம்மா தூக்கத்தை விட்டுக் குடத்தோடு உட்கார்ந்திருப்பார். காலை ஐந்தரைக்குத் துப்புரவு வேலைக்குக் கிளம்ப வேண்டும். "தண்ணி வந்தா கத்தற மாதிரி ஒண்ணு செய்யலாமாண்ணா?"

செய்யலாம். மிக எளிய சர்க்யூட் அது. இரண்டு கம்பிகளைக் குழாயடிக் குடத்தில் விட வேண்டும். தண்ணீர் வந்ததும் அந்த இரண்டு கம்பிகளுக்கும் நடுவே சிறு மின்னோட்டம் போகும். அது பஸ்ஸரை ஒலிக்க வைக்கப் போதாது. ஒன்றோடொன்று இணைந்த இரண்டு பிசி 547 டிரான்சிஸ்டர்கள் அதைப் பெருக்கிக் கொடுக்கும், பஸ்ஸர் கத்தும். பாதுகாப்புக்கு ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், தண்ணீர் இல்லாதபோது வீணாகக் கத்தாமலிருக்க ஒரு 1 மெகா ஓம் ரெசிஸ்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி. அவ்வளவுதான். முதல் போர்டுக்குப் பேட்டரி மட்டும் போதும், வீட்டு மின்சாரத்தின் பக்கமே போக வேண்டாம்.

ரிச்சி தெருவில் பொருட்களை வாங்கினோம். சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர் இரண்டும் ஒரு தோழர் கொடுத்தவை. மற்றவை எல்லாம் சேர்த்து நானூறு ரூபாயைத் தாண்டவில்லை.

முதலில் பிரெட்போர்டில் செருகிப் பார்த்தோம், வேலை செய்தது. பிறகு அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் கீகேட் மென்பொருளை ஏற்றினோம். இது 1992-இல் பிரான்ஸில் ஒரு பேராசிரியர் தொடங்கியது. பிற்பாடு செர்ன் ஆய்வகமும் அதன் வளர்ச்சிக்குக் கைகொடுத்தது. முழுக்க இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. இதற்கு யாருடைய சிபாரிசும் வேண்டாம், திருட்டு மென்பொருளும் வேண்டாம். அதில் முதலில் சர்க்யூட்டை வரைய வேண்டும். பிறகு ஒவ்வொரு பொருளின் கால்களும் போர்டில் எந்த இடைவெளியில், எந்த வரிசையில் உட்காரும் என்று சொல்லும் ஃபுட்பிரிண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் பிறகுதான் செம்புப் பாதைகளை இழுக்க வேண்டும். வீட்டில் செய்வதாக இருந்தால் பாதை 1 மி.மீ. அகலமாவது இருக்கட்டும். மெல்லியதாகப் போட்டால் அரிக்கும்போது அறுந்துபோகும்.

எங்கள் முதல் தவறு அச்சடித்தபோது. பிரிண்டர் தானாகவே தாளுக்கு ஏற்ப அளவைச் சுருக்கிவிட்டது. நல்லவேளை, செம்புத் தகட்டில் தேய்ப்பதற்கு முன்பே பொருட்களைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தோம். எந்தக் காலும் எந்தப் புள்ளியிலும் பொருந்தவில்லை. நூறு சதவீத அளவில் திரும்ப அச்சடித்தோம். இரண்டு ரூபாயோடு போயிற்று. ஆகவே உங்களுக்கும் சொல்கிறேன், தாளில் வைத்துப் பார்க்காமல் தகட்டைத் தொடாதீர்கள். கூடவே செம்பு அடுக்கில் உங்கள் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு வையுங்கள். தாளில் அது கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித் தெரிந்தால்தான் தகட்டில் நேராக விழும்.

லேசர் பிரிண்டரில் வழவழப்பான தாளில் அச்சடித்து, தேய்த்துச் சுத்தம் செய்த செம்புத் தகட்டின்மேல் கவிழ்த்து, துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினோம். சூட்டில் டோனர் இளகித் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் ஊறவைத்துத் தாளை உரித்தால் கறுப்புப் பாதைகள் தகட்டில் நிற்கும். விட்டுப்போன இடங்களை அழியாத மார்க்கரால் நிரப்பினோம். இனி ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட வேண்டும். கறுப்பு மூடாத செம்பை அது கரைத்துவிடும். மூடிய செம்பு மட்டும் பாதையாக மிஞ்சும். அந்தச் செம்பின் தடிமன் பொதுவாக 35 மைக்ரான்தான், அரை மணி நேரத்துக்குள் கரைந்துவிடுகிறது. பிளாஸ்டிக் தட்டுதான் பயன்படுத்த வேண்டும், உலோகம் கூடாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும்.

எல்லாம் சரியாகப் போனது. தகட்டை வெளியே எடுத்துக் கழுவிவிட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தோம். அப்போது வேலை முடிந்து வந்த தங்கையின் அம்மா, தட்டில் இருந்த பழுப்புத் தண்ணீரைப் பார்த்தார்.

"இத எங்க கொட்டப் போறீங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை. உண்மையில் நாங்கள் அதை யோசிக்கவே இல்லை. பின்பக்கச் சாக்கடைதான் எல்லோர் மனதிலும் இருந்திருக்கும்.

"சாக்கடையிலயா? நாளைக்கு அதுல நாந்தானே கைய விடணும்?"

என் பொதுவாழ்க்கையில் எத்தனையோ மேடைகளில் மலக்குழி மரணங்களைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அன்று அந்தத் தட்டின் முன்னால் தலைகுனிந்து நின்றேன். போர்டு செய்வதைச் சொல்லித்தரும் பல பாடங்களில் கழிவைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. ஏனென்றால் சாக்கடைக்குக் கீழே ஒரு மனிதர் இருக்கிறார் என்பது வடிவமைப்பவரின் வரைபடத்தில் இல்லை. செம்பு கரைந்த அந்தத் திரவம் நீர்வாழ் உயிர்களுக்கும் நஞ்சு. அதை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, பெயர் எழுதி ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தோம். வீரியம் குறையும்வரை திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். தீர்ந்ததும் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தின் கழிவோடு சேர்த்துக் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். நீங்கள் போர்டு செய்யப் போகிறீர்கள் என்றால், கழிவுத் தண்ணீர் எங்கே போகும் என்று முடிவு செய்துவிட்டு ஃபெரிக் குளோரைடு பொட்டலத்தைப் பிரியுங்கள்.

துளை போட்டு, பொருட்களைச் செருகி, சால்டர் செய்தோம். ஈயத்தை அயர்ன் முனையில் உருக்கி மேலே சொட்டக்கூடாது. செம்பு வளையத்தையும் பொருளின் காலையும் ஒன்றாகச் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயம் தானாக உருகிப் பரவ வேண்டும். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடக்கூடாது.

பேட்டரியை மாட்டினோம். கம்பிகளைத் தண்ணீரில் விட்டோம். பஸ்ஸர் முனகக்கூட இல்லை.

ஒரு தம்பி, "நமக்கெல்லாம் இது வராதுண்ணா" என்றார். இந்த வார்த்தையைத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். முதல் போர்டு வேலை செய்யாமல் போவது உலகில் எல்லோருக்கும் நடப்பது. ஆனால் வசதியான வீட்டுப் பையனுக்கு அது ஒரு தவறு, அவ்வளவுதான். நம் பிள்ளைகளுக்கோ அது தீர்ப்பாகிவிடுகிறது. தலைமுறை தலைமுறையாகக் காதில் ஊதப்பட்ட தீர்ப்பு அந்த நேரத்தில் உள்ளிருந்தே எழுந்து வருகிறது.

தங்கை மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இடமாக அளந்தார். 9 வோல்ட் வருகிறது. முதல் டிரான்சிஸ்டரின் பேஸ் வரைக்கும் மின்னழுத்தம் வருகிறது. அதற்கப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. டேட்டாஷீட்டைத் திறந்தார். பிசி 547-இன் தட்டையான முகத்தை நம் பக்கம் வைத்துப் பார்த்தால், இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். நாங்கள் எடுத்த ஃபுட்பிரிண்ட்டோ எமிட்டர், பேஸ், கலெக்டர் என்ற வரிசையில் இருக்கும் வேறு வகை டிரான்சிஸ்டருக்கானது. நடுவில் பேஸ் என்பதால் திருப்பிப் போட்டால் போதும். இரண்டையும் கழற்றி, திருப்பிச் செருகி, மறுபடி சால்டர் செய்தார். பஸ்ஸர் அலறியது. தெருவே எட்டிப் பார்த்தது.

மின்னோட்டம் சாதி பார்ப்பதில்லை என்று இந்த இடத்தில் எழுதிவிட்டு முடித்துவிடலாம், கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அது பாதி உண்மை. மின்னோட்டம் பார்ப்பதில்லை, கம்பெனி பார்க்கும். வைவா எடுப்பவர் பார்க்கலாம். தொழில்நுட்பம் வந்தால் சாதி தானாக ஒழியும் என்று நம்புபவன் நானில்லை. நான் சொல்வது இதைவிடச் சின்ன விஷயம். தவறு எங்கே இருக்கிறது என்று அளந்து கண்டுபிடித்த அந்தப் பத்து நிமிடம், "நமக்கு வராது" என்ற பொய்யை அந்த அறையிலிருந்த பன்னிரண்டு பேர் கண்முன்னால் உடைத்தது. எந்தச் சொற்பொழிவாலும் நான் அதைச் செய்திருக்க முடியாது.

இன்னொரு கதையையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அச்சிட்ட சர்க்யூட் போர்டை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் பால் ஐஸ்லர். 1907-இல் வியன்னாவில் பிறந்த யூதர். பொறியியல் பட்டம் வாங்கியும், யூத வெறுப்பு வளர்ந்துகொண்டிருந்த அந்த நாட்டில் தகுதிக்கேற்ற வேலை கிடைக்காமல் அச்சுத் துறையில் வேலை பார்த்தார். 1936-இல் இங்கிலாந்துக்குத் தப்பிப் போனார். எழுத்தை அச்சடிப்பதுபோல் மின்பாதையையும் அச்சடிக்க முடியும் என்ற எண்ணத்தில், வாடகை அறையில் இருந்தபடியே ஒரு ரேடியோவை அப்படிச் செய்தார். அதை ஒரு கம்பெனிக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது, ஒயர் இணைக்கும் வேலையைப் பெண்களை வைத்தே செய்துகொள்ளலாம், அவர்கள் மலிவு என்று சொல்லித் திருப்பி அனுப்பியதாகச் சொல்லப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டுகளின் ஃபியூஸுக்குத் தேவைப்பட்ட பிறகுதான் உலகம் இந்தத் தொழில்நுட்பத்தை அள்ளிக்கொண்டது.

அதே 1936-இல்தான், லாகூர் மாநாட்டில் பேச முடியாமல் போன தன் உரையை அம்பேத்கர் சொந்தச் செலவில் அச்சடித்து வெளியிட்டார். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, உழைக்கும் மனிதர்களையே மேல் கீழாகப் பிரித்துவைத்திருக்கிறது என்பது அதில் அவர் வைத்த முக்கியமான வாதங்களில் ஒன்று. இந்த இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். ஒரு கூட்டத்தின் உழைப்பு மலிவாக இருக்கும்வரை, அந்த உழைப்பை மாற்றும் கருவி இருந்தாலும் வாங்கமாட்டார்கள்.

மலக்குழியிலும் இதுதான் நடக்கிறது. பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்யும் ரோபோ 2018-லேயே கேரளத்தில் வேலைக்கு வந்துவிட்டது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் சாவு நிற்கவில்லை. கருவி கண்டுபிடிக்கப்படாததால் யாரும் சாகவில்லை. இறங்குபவரின் உயிர் கருவியைவிட மலிவு என்று ஒப்பந்ததாரர் கணக்குப் போடுவதால் சாகிறார்கள்.

எனவே பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு எச்சரிக்கை. போர்டு செய்யக் கற்றதும் உங்களுக்கு முதலில் தோன்றுவது, விஷவாயு வந்தால் எச்சரிக்கும் கருவி ஒன்றைச் செய்து அண்ணன்மார் இடுப்பில் கட்டிவிடலாம் என்பதாக இருக்கும். போட்டியில் பரிசுகூடக் கிடைக்கும். ஆனால் "கருவிதான் இருக்கே, இறங்கு" என்று சொல்ல ஒப்பந்ததாரருக்கு அது வசதியாகிவிடும். மனிதர் இறங்கவே கூடாது என்பதுதான் நம் கோரிக்கை. அதைத் தளர்த்தும் எந்தப் போர்டையும் நம் கையால் செய்யக்கூடாது. எதைச் செய்வது என்பதோடு, எதைச் செய்யமாட்டோம் என்று முடிவெடுப்பதும் வடிவமைப்பாளரின் வேலைதான்.

"போராட்டத்தை விட்டுவிட்டு சால்டரிங் செய்யச் சொல்கிறீர்களா?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். விடச் சொல்லவில்லை. மின்னணு ஏற்றுமதியில் இந்தியாவிலேயே முதலிடத்தில் தமிழ்நாடு இருக்கிறது. 2023-24 நிதியாண்டில் மட்டும் அது 900 கோடி டாலரைத் தாண்டியது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் விடியற்காலையில் வேன் வேனாகப் போகும் பெண்களைப் பாருங்கள். நம் ஊர்ப் பெண்கள் அவர்கள். நாள் முழுக்கப் போர்டுகளைத் தொடுகிறார்கள். அந்தப் போர்டில் எந்தப் பாதை எங்கே போக வேண்டும் என்று வரைந்தவர் யார்? பழைய போர்டுகள் கடைசியில் மொராதாபாத் போன்ற ஊர்களுக்குப் போய், அங்கே எரித்தும் அமிலத்தில் முக்கியும் உலோகத்தைப் பிரித்தெடுப்பவர்கள் யார்? தொடக்கத்திலும் முடிவிலும் ஏழைகளின் கை இருக்கிறது. வரையும் மேசையில் மட்டும் அந்தக் கையைக் காணோம். அந்த மேசைக்குப் போவதும் போராட்டம்தான்.

படிப்பு வட்டங்கள் நடத்தும் தோழர்களுக்கு என் கோரிக்கை எளிமையானது. புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு மேசை போடுங்கள். ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டர், ஒரு பிரெட்போர்டு வையுங்கள். லேபில் பின்னால் நிற்பவர்களை இங்கே முன்னால் நிறுத்துங்கள், பெண்களை முதலில் நிறுத்துங்கள். எரிந்துபோனால் யார் காசு கட்டுவது என்று கேட்காதீர்கள். இரண்டு ரூபாய் டிரான்சிஸ்டர் எரியட்டும், பிள்ளை கற்றுக்கொள்ளட்டும். தவறுகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அடுத்து வருபவருக்கு அதுதான் பாடப்புத்தகம். ஃபெரிக் குளோரைடு வேண்டாம் என்றால், வரைந்த கோப்பைப் போர்டு செய்துதரும் கம்பெனிக்கு அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள், அதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் வரைபடம் உங்களுடையதாக இருக்கட்டும்.

எங்கள் போர்டு அழகாக இல்லை. ஒரு பாதை அறுந்து ஒயரால் ஒட்டுப்போட்டிருக்கிறோம். டிரான்சிஸ்டர்கள் தலைமாற்றி நிற்கின்றன. மூலையில் அந்தத் தங்கையின் பெயரின் முதல் எழுத்து செம்பில் நேராக இருக்கிறது.

போன வாரம் இரவு இரண்டேகால் மணிக்கு அது கத்தியது. அதுவரை அவருடைய அம்மா தூங்கியிருக்கிறார். மறுநாள் காலை பக்கத்து வீட்டு அக்கா வந்து, "எங்களுக்கும் ஒண்ணு செஞ்சு குடும்மா" என்று கேட்டிருக்கிறார். தங்கை செய்து கொடுக்கவில்லை. அந்த அக்காவின் மகளை மேசைக்கு வரச் சொல்லியிருக்கிறார். கூடவே தண்ணீர் வரும் நேரத்தை முறைப்படுத்தக் கேட்டு மாநகராட்சிக்கு ஒரு மனுவும் எழுதியிருக்கிறார். பஸ்ஸர் எந்தெந்த நேரத்தில் கத்தியது என்ற பட்டியல் அதன் பின்னால் இணைப்பாகப் போகிறது.

ஜெய் பீம்.